மாஸ்டர் பக்கத்து பிரேக்

என் வீட்டுக்காரர் அருள்தாஸின் வலது கால் யார் பேச்சையும் கேட்காது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால், டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் அது தரையை அமுக்கும். ஆட்டோவில் ஏறினாலும் அமுக்கும். டிவியில் எவனாவது குறுக்கே ஓடினால்கூட அமுக்கும். கல்யாணமான புதிதில் இது ஏதோ நரம்பு வியாதி என்று பயந்து, டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

வியாதி ஒன்றும் இல்லை, தொழில்தான். புதுக்கோட்டையில் இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் ஸ்கூல் வண்டி ஒரு வெள்ளை ஆல்டோ. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பக்கம் உட்காருவார், மாஸ்டர் இடது பக்கம். மாஸ்டர் காலுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இரண்டு பக்கத்து பிரேக்கும் ஒரே கம்பியில் சேர்ந்தவை. இவர் இங்கிட்டு அமுக்கினால் அங்கிட்டும் பெடல் தானாகக் கீழே போகும். கற்றுக்கொள்கிறவர் மாடு, சைக்கிள், தண்ணீர் லாரி என்று எதன் மேல் விடப் போனாலும் இவர் கால் நிறுத்திவிடும். தாலுகா ஆபீஸ் கிளார்க்கிலிருந்து கன்னியாஸ்திரி வரைக்கும் இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் காலை நம்பித்தான் வண்டி பழகினார்கள்.

நான் ஷர்லி. ஸ்கூலின் ஆபீஸ் நான்தான். எல்.எல்.ஆர். ஃபாரம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, எட்டு போடத் தெரியாதவர்களைத் திட்டுவது எல்லாம் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இவருக்கு வாயே கிடையாது. அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, அப்புறம் மாஸ்டரானவர். யாரையும் அதட்டத் தெரியாது. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டைத் தள்ளிவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் ரேஸ் டிராக்குக்குப் போக ஆசைப்பட்டார் என்றால் யாராவது நம்புவார்களா?

சொக்கநாதன் என்று ஒரு பையன்தான் இதற்கெல்லாம் மூலம். பையன் என்றேன், முப்பத்தைந்து வயது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். ஊரில் இருக்கிற கார்ப் பிரியர்களைச் சேர்த்து கார் கிளப் ஒன்று ஆரம்பித்தான். பதினாலு பேர். மெடிக்கல் ரெப், ஜவுளிக்கடைக்காரர், பேங்க் ஆள் என்று கலவை. கார்களும் பெரிய கார்கள் இல்லை. வீட்டில் கல்யாணத்துக்கும் காய்கறி வாங்கவும் எடுத்துப் போகிற ஸ்விஃப்டும் ஐ10-ம்தான். ஞாயிறு காலை திருமயம் ரோட்டில் வரிசையாகப் போய் ஒரு டீக்கடையில் நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். சொக்கநாதனுக்கு வண்டி பழக்கினவர் இவர்தான். மரியாதைக்காக இவரையும் சேர்த்துக்கொண்டான்.

இவர் அதில் அப்படி ஒட்டிக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமும் இல்லை. இருபத்தாறு வருஷம் ரெண்டாவது கியரிலேயே வாழ்ந்த மனுஷன். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கால் அமுக்கிவிடும். வருஷத்துக்கு ஒரு நாள், கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற டிராக்கில் சாதாரண வண்டிகளை ஓட்ட விடுகிறார்கள், பதிவு பண்ணப் போகிறேன் என்று சொக்கநாதன் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாகப் பள்ளிக்கூட டூருக்குப் பெயர் கொடுத்தவர் மாதிரி இருந்தார்.

எங்களிடம் வேலை பார்த்த சிவரஞ்சனியும் பெயர் கொடுத்தாள். இந்தக் கதை அவளைப் பற்றியதும்தான்.

ரஞ்சனிக்கு வயது முப்பத்தொன்பது. குடுமியான்மலைக்காரி. புருஷன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் அம்மா செவந்தியோடு இருந்துகொண்டு, எங்களிடம் வண்டி பழக வந்து, பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டராகவே ஆகிவிட்டாள். ஆறு வருஷம். இவரைவிட நன்றாக ஓட்டுவாள், அதை இவரே சொல்லுவார். அரிசி மில் லாரியில் பழகி ஹெவி லைசென்ஸும் எடுத்தாள். அரசு பஸ் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. பென்ஷன், ஈ.எஸ்.ஐ. என்று அவள் பேசிக் கேட்டதில்லை. "அவ்வளவு பெரிய வண்டி அக்கா, அம்பது பேரு உக்காந்திருப்பாங்க" என்று மட்டும் சொல்லுவாள். ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வு முடிந்து, அக்டோபரில் வண்டி ஓட்டிக் காட்டும் டெஸ்ட் என்று தகவல் வந்தது. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

டிராக்குக்குப் போனது ஜூலை மாதம். ரஞ்சனிக்குச் சொந்த வண்டி கிடையாது, அதனால் ஸ்கூல் வண்டியையே எடுத்துப் போவது என்று முடிவானது. வண்டிக் கூரைமேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றினார்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருந்த 'எல்' எழுத்தைச் சுரண்டினார்கள். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்று கிளப்பில் பேசி வைத்திருந்தார்கள். ரஞ்சனி பக்கத்தில் இவர். சொக்கநாதன் ஒன்றே ஒன்று சொன்னான்: மாஸ்டர் பக்கத்து பெடலைக் கழற்றிவிட வேண்டும். வேகத்தில் போகும்போது பக்கத்திலிருந்து ஒருத்தர் பிரேக் அமுக்கினால் வண்டி சுற்றிவிடும் என்றான். சரி என்றார் இவர். ரெண்டு போல்ட், ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. கிளம்புகிற அன்றைக்குக் காலையில் மறுபடி கேட்டான். கழற்றியாச்சு என்று இவர் சொன்னதை நானும் கேட்டேன்.

நான் வேனில் பதினாலு பேருக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். அந்த டிராக்கைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெயிலில் கிடக்கிற ஒரு வளைந்த ரோடு, அவ்வளவுதான். ஆனால் நம்ம ஆட்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்ற நிலை இருக்கிறதே, ஜவுளிக்கடைக்காரர் நடையே மாறிவிட்டது. அங்கே இருந்தவர்கள் டயரைத் தட்டிப் பார்த்தார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், உள்ளே உருளுகிற சாமான்களை எடுக்கச் சொன்னார்கள். டேஷ்போர்டு மாதாவையும் வேளாங்கண்ணிக் கயிற்றையும் என் மடியில் கொடுத்துவிட்டு இவர் வண்டியில் ஏறினார்.

முதல் சுற்று மெதுவாக. ரெண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம். ரஞ்சனி ஓட்டினது கண்ணுக்கு அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மற்றவர்கள் வளைவில் தடுமாறின இடத்தில் அவள் வண்டி கோடு போட்ட மாதிரி போனது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். மூன்றாவது சுற்றில், நீளமான நேர் ரோடு முடிந்து வலது பக்கம் திரும்புகிற வளைவில், வண்டியின் பின்பக்கம் திடீரென்று வீசியது. ரெண்டு சுற்றுச் சுற்றி, ஜல்லியைத் தாண்டி, அடுக்கி வைத்திருந்த டயர்மேல் போய் மோதியது. நான் சேசுவே என்று கத்தினேனோ இல்லையோ தெரியவில்லை, புளியோதரை டப்பாவின் மூடி மட்டும் என் கையில் இருந்தது.

இவருக்கு நெற்றியில் ஒரு வீக்கம். ரஞ்சனிக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள்.

முதலுதவி அறையில் அவள் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சொக்கநாதன் போனை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் வண்டி பின்னால் வந்ததால் அவன் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஓடவிட்டுக் காட்டினான். வளைவின் நடுவில் ஆல்டோவின் பிரேக் லைட் ரெண்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தன. அடுத்த நொடி வண்டி சுற்றியது. வளைவின் நடுவில் பிரேக் போட்டால் பின்பக்கம் வீசும், அதை எல்லோருக்கும் காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நான் அமுக்கலை" என்றாள் ரஞ்சனி. "என் காலு ஆக்சிலேட்டர்ல இருந்துச்சு."

சொக்கநாதன் தன்மையாகத்தான் சொன்னான். பயத்தில் கால் போயிருக்கும், அது யாருக்கும் நடப்பதுதான், லைட் பொய் சொல்லாது என்றான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ரஞ்சனி அவர்களைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற இவரைப் பார்த்தாள்.

"பெடலைக் கழட்டிட்டீங்கல்ல மாஸ்டர்?"

"கழட்டியாச்சும்மா" என்றார் இவர்.

அவள் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நான்தான் அமுக்கியிருப்பேன்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் வேறு என் பங்குக்கு, இவ்வளவு பழகினவள் வளைவில் பிரேக்கை மிதிக்கலாமா என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை காபியைக் குடித்தவர் அப்படியே வாந்தி எடுத்தார். தலையில் அடிபட்டதுதான் காரணம் என்று நான் பதறிப்போய்ச் செருப்பை மாட்டினேன். ஆஸ்பத்திரி வேண்டாம், உட்கார் என்றார். பெடலைக் கழற்றவே இல்லை என்றார். முந்தின நாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்திருக்கிறார். கை வரவில்லையாம். பிரேக் இல்லாமல் இடது பக்க சீட்டில் உட்காருவதை நினைத்தாலே கால் தானாகப் பெடலைத் தேடியதாம். அதனால் கால்மிதியை மடித்துப் பெடல்மேல் போட்டு மூடிவிட்டு, கழற்றியாச்சு என்று சொல்லிவிட்டார். தொட மாட்டேன், சும்மா இருக்கட்டும் என்றுதான் நினைத்தாராம். அந்த வளைவு வந்தது. டயர் அடுக்கு எதிரே வந்தது. கால் போய்விட்டது.

"அவ சரியாத்தான் ஓட்டினா, ஷர்லி. நான்தான் அமுக்குனேன்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏன்யா, ஊருக்கெல்லாம் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷம் கூடவே இருந்தவளை நம்பி ரெண்டு போல்ட்டைக் கழற்ற முடியவில்லையா உமக்கு என்று கேட்டேன். அவர் அழுதார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றேன்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஸ்கூல் லைசென்ஸ் அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை ஜூனிலேயே கொடுத்தாகிவிட்டது. அதை நிரப்பி, போட்டோ ஒட்டி, ஃபைல் போட்டதே ரஞ்சனிதான். ஸ்கூல் வண்டியை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய், மாஸ்டரே பிரேக்கை மிதித்துக் கவிழ்க்கப் பார்த்தார் என்று வெளியே தெரிந்தால் லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும் எந்த அப்பன் மகளை அனுப்புவான்? எங்கள் கடையில் சரக்கு என்று இருப்பது இவர் கால் ஒன்றுதான். ரஞ்சனிக்குக் கை கூடிவிடும், நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்று சொன்னேன். இவர் வாழ்க்கையில் பாதி முடிவு நான் எடுத்ததுதான், அந்தப் பழக்கத்தில் இதற்கும் தலையாட்டினார். வண்டியை வேறு யாரும் தொட விடாமல், தெரிந்த மெக்கானிக் ராமுவிடம் விட்டுச் சரி பண்ணி எடுத்தார்.

ஊர் எங்கே மறந்தது? கிளப் வாட்ஸ்அப் குழுவில் அந்த பிரேக் லைட்டைச் சுற்றி வட்டம் போட்டு, எல்லோருக்கும் ஒரு பாடம் என்று எழுதிப் போட்டார்கள். அது குழுவை விட்டு வெளியே போக ஒரு நாள் ஆனது. ரேஸில் வண்டியைக் கவிழ்த்த பொம்பளை என்று பெயர் ஆகிவிட்டது. கவிழவே இல்லை, ஆனாலும் கவிழ்த்தவள். அவளிடம் பழகிக்கொண்டிருந்த ரெண்டு டீச்சர்கள் மாஸ்டரே சொல்லித் தரட்டும் என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நானும் பேட்ச் மாற்றிப் போட்டேன். என் கையால்தான் மாற்றினேன்.

குடுமியான்மலையில் இதைவிட மோசம். கட்டுப் போட்ட கையோடு மகள் வந்து இறங்கியதைப் பார்த்த செவந்தி, அவளுடைய நல்ல கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, இனிமேல் ஸ்டியரிங் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். புருஷனும் இல்லாமல், கையும் இல்லாமல் நீ என்ன செய்வாய் என்று கேட்டாளாம். பெற்ற தாய் தலையில் அடித்த சத்தியம். அதை மீறினால் அந்தத் தாய் உயிருக்கு ஆகாது என்று அந்த ஊரில் படித்தவர்களும் நம்புவார்கள். பெடலைக் கழற்றியாச்சு என்று மாஸ்டரே சொல்லிவிட்டார், மகளும் ஒப்புக்கொண்டுவிட்டாள், அப்புறம் செவந்தி வேறு என்ன நினைப்பாள்?

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். கை நன்றாகக் கூடியிருந்தது. ரஞ்சனி வேலைக்கு வரவில்லை. டெஸ்டுக்குப் போவாயா என்று போனில் கேட்டேன். அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன் அக்கா என்றாள். அம்மாவிடம் பேசிப் பார் என்றேன். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. வேற யாராவது சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இவர் அந்த மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். ரோட்டில் பேப்பர் பறந்தால்கூட பிரேக்கை அமுக்கினார். தூரத்தில் ஆடு தெரிந்தாலே அமுக்கினார். ஒரு நாள் ஒரு அம்மா, வண்டியை நான் ஓட்டுகிறேனா நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டது. சர்ச்சுக்குப் போய், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணி, செய்த தப்பைச் சொல்லிவிட்டு வந்தார். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். சம்பந்தப்பட்டவளிடம் சொல்லச் சொன்னார் என்றார். எனக்கு அந்தச் சாமியார்மேலும் கோபம் வந்தது.

டெஸ்ட் தேதி வந்தது. அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை, கும்பகோணத்தில். எங்கள் லைசென்ஸுக்காக வண்டியையும் ஸ்கூலையும் பார்க்க ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆள் வருகிற நாளும் குறித்தார்கள். அது பதினைந்து, புதன்கிழமை. ஒரு நாள் முன்பின்னாகப் போட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் நாளைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இவர் சட்டையை மாற்றாமல் நின்றார். இப்போதே குடுமியான்மலைக்குப் போய் செவந்தியிடம் சொல்லப் போகிறேன், அவள் டெஸ்டுக்குப் போகட்டும் என்றார். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு ஊரெல்லாம் தெரியும், புதன்கிழமை வருகிறவர் காதுக்கும் போகும் என்றேன். மூன்றே நாள் பொறுங்கள், புதன்கிழமை சாயங்காலம் நானே கூட வருகிறேன், அவள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

"டெஸ்ட் செவ்வாக்கெழமை, ஷர்லி" என்றார்.

"வருஷா வருஷம் ஆள் எடுக்கத்தான் செய்றாங்க" என்றேன் நான்.

அவளுக்கு வயது தாண்டிவிடும் என்பது தெரிந்தே சொன்னேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. ஸ்கூலும் பிழைக்க வேண்டும், மனசாட்சிக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். இவர் என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். வாசற்படி அவ்வளவு அகலம் இல்லை, நானும் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. போகவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். அதனால் அது என் தப்பு மட்டும் இல்லை என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது பெரிய ஆறுதலாக இல்லை.

செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சாப்பிடவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஆள் வந்து பார்த்தார். வண்டியைப் பார்த்தார், மாஸ்டர் பக்கத்து பெடலைக் கையால் அமுக்கி, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார். எல்லாம் சரி, லைசென்ஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கு நானும் இவரும் குடுமியான்மலைக்குக் கிளம்பினோம். அந்த ரோட்டில் இவர் எத்தனை பேருக்கு வண்டி பழக்கியிருப்பார், அன்றைக்கு ரெண்டு தடவை இன்ஜின் அணைந்தது.

செவந்தி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்தாள். அத்தனை நாளும் மாஸ்டர் வந்து பார்க்கவில்லையே என்ற குறை அவளுக்கு இருந்திருக்கிறது. பாயை விரித்தாள். ரஞ்சனி உள்ளேயிருந்து வந்து தூணோரம் நின்றாள். டீ போடட்டுமா என்று கேட்டவளை, வேண்டாம், நீங்கள் முதலில் உட்காருங்கள் என்றார் இவர். பாயில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பெடலைக் கழற்றாதது, கால்மிதி போட்டு மூடினது, வளைவில் அமுக்கினது, அந்த அறையில் பொய் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னார். உங்கள் மகள்மேல் ஒரு தப்பும் இல்லை, அவளைப் போல் ஓட்டுகிறவள் இந்த ஜில்லாவில் கிடையாது என்றார். போனை எடுத்து, அதே வார்த்தைகளைப் பேசிக் கிளப் குழுவுக்கும் அனுப்பினார்.

செவந்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும் ஆத்தா" என்றாள் ரஞ்சனி. "வண்டி வீசுனதும் பிரேக்குக்குக் காலைக் கொண்டு போறேன், அங்க பெடல் ஏற்கெனவே கீழ கெடக்கு. ஆறு வருசமா அந்த வண்டிதானே. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன்டி நீ அமுக்குனேன்னு சொன்னே?"

ரஞ்சனி இவரைப் பார்க்காமல் சொன்னாள். "மாஸ்டரு கழட்டியாச்சுன்னு சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

செவந்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் மகளை வாய்க்கு வந்தபடி பேசினேனே என்று அழுதாள். பிறகு எழுந்து வந்து, ரஞ்சனியின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். நான் வாங்கின சத்தியத்தை நானே திருப்பிக் கொடுக்கிறேன், அய்யனார் சாட்சி, இனி ஒன்றும் ஆகாது, நாளைக்கே டெஸ்டுக்குப் போ என்றாள்.

"டெஸ்டு நேத்தோட முடிஞ்சிருச்சு ஆத்தா" என்றாள் ரஞ்சனி.

செவந்திக்குப் புரியவில்லை. இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாம், மாஸ்டர் சொன்னால் கொடுப்பார்கள் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

ரஞ்சனி அழவில்லை. கோபமாகவும் இல்லை. அம்மாவின் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஆபீஸில் ஃபைல் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"லைசென்ஸ் ரினீவல் முடிஞ்சிருச்சா அக்கா?"

"முடிஞ்சிருச்சு" என்றேன். "இன்னைக்கி மத்தியானம்."